ஒத்தைக் குட்டி வாத்து, இரண்டு

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு வருவதற்கு முன் டெஸ்மண்ட் ஹாலம், இங்கிலாந்தின் ஆல்டர்விக் ஊர்க் கடைவீதியில் இருந்த பிங்கோ ஹாலில் எண் கூப்பிடுகிறவராக இருந்தார். நம் ஊர் கிளப்புகளில் தம்போலா என்று ஆடுவார்களே, அதேதான். உருளும் பந்துகளில் ஒன்றை எடுத்து மைக்கில் எண்ணைச் சொல்ல வேண்டும். ஹால் நிறைய உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் தங்கள் சீட்டில் அந்த எண்ணை அடிப்பார்கள். எல்லா எண்ணும் அடிபட்டவர் "ஹவுஸ்!" என்று கத்துவார்.

ஆனால் எண்ணை வெறுமனே சொன்னால் இந்த ஊரில் அது பிங்கோ இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஒன்று என்றால் கெல்லியின் கண். இரண்டு, பார்க்க வாத்து மாதிரி இருப்பதால் ஒத்தைக் குட்டி வாத்து, உடனே ஹால் முழுக்க "க்வாக்!" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று ஒரு கப் டீ. நான்குக்குக் கதவைத் தட்டுகிறார்கள், "யாரது?" என்று கேட்க வேண்டும். ஐந்துக்கு ஆள் உயிரோடு இருக்கிறது. பதினொன்று இரண்டு கால்கள், அதற்கு விசில். இப்படித் தொண்ணூறு வரை போகும். டெஸ் இதை இருபத்தெட்டு வருடம் செய்தார். பிறகு ஹாலை யாரோ வாங்கி, குழந்தைகள் குதித்து விளையாடும் இடமாக மாற்றிவிட்டார்கள்.

என்னையும் சொல்லிவிடுகிறேன். நான் வளர்மதி, அதே ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸ். என் பெயரை இந்த ஊர் முதல் வாரமே வெட்டி 'வால்' ஆக்கிவிட்டது. ஆல்டர்விக்கில் எல்லோரும் எல்லோரையும் செல்லமாக 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். பால்காரர் நீதிபதியை, நீதிபதி திருடனை. ஆகவே நான் பல வருடங்களாக 'வால் வாத்தே'. நாகர்கோவிலில் என் அம்மா, மகள் இங்கிலாந்தில் தியேட்டரில் வேலை பார்க்கிறாள் என்று பெருமையாகச் சொல்லப்போய், நான் டிக்கெட் கிழிப்பதாகத் தெருவே நம்புகிறது.

டெஸ்ஸுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரியில் ஒரு விளம்பரம் போட்டிருந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே மூன்று வருடத்தில் தியேட்டர் பிராக்டிஷனர் பட்டம் பெறலாம். வாரத்தில் ஒருநாள் பல்கலைக்கழகம், மற்ற நாட்கள் எங்களோடு. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குத் துணை நிற்பது, ஆபரேஷனில் கருவி எடுத்துக் கொடுப்பது, முடிந்தபின் நோயாளி கண் விழிக்கும்வரை காவல் இருப்பது, மூன்றிலும் தேற வேண்டும். நேர்முகத்தில் கேட்டிருக்கிறார்கள்: "தியேட்டர் அனுபவம் ஏதாவது இருக்கா?"

"இருபத்தெட்டு வருஷம். மைக்கோட" என்றார் டெஸ்.

ஹால் அதற்கு முன் சினிமாக் கொட்டகையாக இருந்த இடம். அவர் அதை நினைத்துச் சொன்னார். கேட்டவர்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, இறுக்கமான சூழலில் இப்படி ஓர் ஆள் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். ஐம்பத்து மூன்று வயதில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து ரத்தக் குழாய்களைப் படிக்க ஆரம்பித்தார்.

நன்றாகவும் படித்தார், பொய் சொல்லக்கூடாது. கை சுத்தம், கருவி அடுக்குகிற நேர்த்தி, பயந்துபோன நோயாளியிடம் பேசுகிற விதம், எதிலும் குறை சொல்ல முடியாது. கட்டுரையில்தான் கொஞ்சம் சறுக்கல். எதை எழுதினாலும் யார் சொன்னது என்று மேற்கோள் காட்ட வேண்டும் என்றார்களாம். 'பயந்த நோயாளிக்கு முதலில் பெயர் சொல்லிப் பேச வேண்டும்' என்று எழுதி, அடியில் 'ஹாலம், டெ., சொந்த வாய்' என்று போட்டுவிட்டு வந்தார்.

ஆனால் எண்ணுவது இருக்கிறதே, அங்கேதான் வந்தது வினை.

ஆபரேஷனில் ரத்தம் ஒற்றும் துணிகள் ஐந்தைந்தாகக் கட்டி வரும். ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, வயிற்றையோ இடுப்பையோ மூடும் முன் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை எண்ண வேண்டும். கருவி கொடுப்பவரும், மேஜையைத் தொடாமல் வெளிவட்டத்தில் சுற்றி நிற்கும் நர்ஸும் ஒவ்வொரு துணியாகப் பிரித்துப் பார்த்து, ஒரே சொல்லை ஒரே நேரத்தில் உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு துணி குறைந்தால் அது நோயாளிக்குள் இருக்கிறது என்று அர்த்தம். இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை.

டெஸ் முதன்முதலாக எண்ணிய அன்று வெளிவட்டத்தில் நின்ற நர்ஸ் நான். முதல் துணியைப் பிரித்தார்.

"கெல்லியோட கண்ணு, ஒண்ணு!"

நான் திகைத்து நிற்கும்போதே, "ஒத்தைக் குட்டி வாத்து, ரெண்டு!"

"க்வாக்!" என்றது தியேட்டர். மயக்க டாக்டர் மெக்கல்லம், சாமான் எடுத்து வரும் பெண், எக்ஸ்ரே எடுக்க வந்த பையன், எல்லோரும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது தும்மல் மாதிரி, அடக்க முடியாது. சர்ஜன் மிஸ்டர் டிரெகார்தன் மட்டும் கடற்கரைப் பக்கத்து ஆள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வால், அங்க என்ன நடக்குது?"

"மறுபடி எண்ணுறோம் சார்" என்று சொல்லிவிட்டு டெஸ் பக்கம் திரும்பினேன். நான் கொஞ்சம் கோபக்காரி. "யோவ், இது என்ன சந்தைக் கடையா? நம்பரைச் சொல்லு, நம்பரை மட்டும் சொல்லு!"

"மன்னிச்சுக்கோ வாத்தே. தானா வருது."

தானாகத்தான் வந்தது. எவ்வளவு திட்டியும் பயன் இல்லை. அன்று முதல் அவரோடு எண்ணும்போதெல்லாம் நான் அவரைவிடப் பெரிய குரலில் வெறும் எண்ணைக் கத்தி, வாத்தையும் டீயையும் அமுக்கிவிடுவேன். வீட்டுக்குப் போனால் தொண்டை கட்டியிருக்கும்.

எண்ணுவதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. நோயாளி உள்ளே வந்ததும் பிறந்த தேதியை வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் பிறந்த ஒரு பெண்மணியிடம், கையில் கட்டிய பட்டையைப் பார்த்து, "தொளதொள நிக்கர், நாப்பத்து நாலு" என்று படித்துவிட்டார். பிங்கோவில் அந்த எண்ணுக்கு அதுதான் பெயர். அந்தப் பெண்மணி தேவாலயத்துப் பாடகர் குழுத் தலைவி. தன் உள்ளாடையை யாரும் பார்க்கவே இல்லை, பிறகு எப்படிக் கருத்துச் சொல்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். விசாரணைக் கமிட்டி கூடி, நிக்கர் எப்படிப்பட்டது என்று தாங்கள் தீர்மானிக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தது.

டெஸ் வெறுமனே சொன்ன ஒரே ஓர் எண் ஏழரை. அது மிஸ்டர் டிரெகார்தனின் கையுறை அளவு. பிங்கோவில் அரை கிடையாது, அதனால் அதற்குப் பட்டப்பெயரும் கிடையாது. நமக்கோ ஏழரைக்குப் பட்டப்பெயரே தேவையில்லை; சொன்னாலே சனி நினைவுக்கு வந்துவிடும். சர்ஜனை மனதுக்குள் நான் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. உண்மையான ஆபரேஷனில் டெஸ் கருவி கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ஃபிலிப்பா ஆர்மரோட் வந்து சுவரோரம் நின்று பார்ப்பார். டாக்டர் என்றால் மருத்துவ டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நிலவ வேண்டிய மௌனத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர். மௌனத்தைப் பற்றி அவ்வளவு பேச முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்று டெஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு பெரிய விழுங்கல். "ம்ம்ம்... ஒண்ணு." "ம்ம்ம்... ரெண்டு." இரண்டுக்கு அடுத்தது மூன்று என்பது அவருக்கு நிச்சயமில்லையோ என்று பார்ப்பவர்கள் நினைக்கும்படி இருந்தது. நான்கைத் தாண்டிவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது துணியைப் பிரித்ததும் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் பீறிட்டுக்கொண்டு வந்தது.

"ஆளு உயிரோட இருக்கு, அஞ்ச்ச்சு!"

மேஜையில் மயங்கிக் கிடந்த ஆளைத் தவிர எல்லோரும் கை தட்டிவிட்டோம். நானும்தான். டாக்டர் ஆர்மரோட் தட்டவில்லை. வெளியே வந்து, "தகவல் பரிமாற்றத்துல ஃபெயில். இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனா விதிப்படி படிப்பை விட்டு நீக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். படிப்பு போனால் வேலையும் போகும்.

டீ அறையில் டெஸ் ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"விடுய்யா. ரெண்டாவது தடவை பாத்துக்கலாம்."

"ஹால் மூடின பிறகு எட்டு மாசம் வீட்டுல இருந்தேன் வால். வீட்டுக்காரி டோரீன் வேலைக்குப் போன பிறகு டிவி பெட்டியோட பேசிக்கிட்டு இருப்பேன். காலைல எந்திரிச்சு, நம்மளைத் தேடுற ஒரு இடத்துக்குப் போறோம் பாரு, அந்த சுகம் இங்க வந்துதான் திரும்பக் கிடைச்சுது. அது போயிருமேன்னுதான் பயமா இருக்கு."

"அப்ப நம்பரை ஒழுங்காச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வெறும் நம்பர் சொன்னா கால்சட்டை இல்லாம தெருவுல நிக்குற மாதிரி இருக்கு வாத்தே."

"ஏழரை மட்டும் எப்படிச் சொல்ற?"

"அதுக்குத்தான் பேரே இல்லையே."

எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். "யோவ், அப்படின்னா எல்லாத்தையும் அரையாக்கிரு! மனசுக்குள்ள ஒண்ணரை, ரெண்டரை, மூணரைன்னு நினைச்சுக்கோ. முன்னால இருக்கறதை வெளிய விடு, அரையை முழுங்கிரு."

டெஸ் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "ரெண்ட்" என்றார். வாயை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. வாத்து வரவில்லை. எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த சில வாரங்கள் டோரீன் வீட்டில் காலுறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, டெஸ் எண்ணினார். பக்க விளைவுகள் இல்லாமல் இல்லை. ரொட்டிக் கடையில் நாலரை பன் கேட்டிருக்கிறார். கடைக்காரர் மீதி அரையை யாருக்கு விற்பது என்று கேட்டு வரிசை நின்றுவிட்டதாம். ஆனால் எண்கள் சுத்தமாக வந்தன. ஒரே ஒரு மாற்றம், குரல். அரையை விழுங்குவதற்காகத் தாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னதால், ஒவ்வொரு எண்ணும் துக்கச் செய்தி மாதிரி கனமாக விழுந்தது. தேர்வுக்கு அது நல்லதுதான் என்று நினைத்தோம்.

இரண்டாவது தேர்வு ஓர் இடுப்பு மாற்று ஆபரேஷன். நோயாளி பெரில் விங்ஃபீல்ட், வயது எழுபத்தொன்பது. நுரையீரல் மோசம் என்பதால் முழு மயக்கம் தர முடியாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்திருந்தார்கள். பாட்டுக் கேட்கிறீர்களா என்று காதில் மாட்டும் கருவியைக் கொடுத்ததற்கு, "என் இடுப்பை என்ன பண்ணுறீங்கன்னு நான் கேக்க வேணாமா?" என்று தள்ளிவிட்டார். முகத்துக்கும் இடுப்புக்கும் நடுவில் பச்சைத் திரை. அந்தப் பக்கம் பெரிலும் டாக்டர் மெக்கல்லமும். இந்தப் பக்கம் சர்ஜனும், முகமூடி அங்கியோடு டெஸ்ஸும், நானும், சுவரோரம் டாக்டர் ஆர்மரோடும்.

"ஒண்ணு" என்றோம் டெஸ்ஸும் நானும். அருமையாக வந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து, "யாரது? டெஸ் ஹாலம் குரல் மாதிரி இருக்கே?"

டெஸ் அடுத்த துணியை எடுத்தார். எண்ணும்போது வேறு பேச்சு பேசக்கூடாது. "ரெண்டு."

"க்வாக்! டேய் டெஸ், நீதானே? முன் வரிசை பெரில்டா!"

டெஸ்ஸின் நெற்றியில் வேர்வை. "மூணு." "நாலு." "அஞ்சு." ஒரு வாத்து இல்லை, ஒரு டீ இல்லை. டாக்டர் ஆர்மரோட் தலையை ஆட்டிக்கொண்டு ஏதோ குறித்தார். எனக்குள் ஒரு குதி குதித்தேன்.

ஆபரேஷன் ஒழுங்காகப் போனது. ரம்பம் வேலை முடிந்து, பழைய எலும்பு தட்டுக்கு வந்து, புதிய மூட்டைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார் மிஸ்டர் டிரெகார்தன். அப்போதுதான் டாக்டர் ஆர்மரோட் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டு, அதைச் சொன்னார்.

"இன்னைக்கு எவ்வளவு அமைதியா இருக்கு!"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. டாக்டர் மெக்கல்லம் கண்ணை மூடிக்கொண்டார். இந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எவரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் உடனே வினை வந்து சேரும். நானூறு பக்கம் எழுதியவருக்கு இது தெரியாமல் போனதுதான் கொடுமை.

வந்து சேர்ந்தது. "என்னை இறக்கி விடுங்க" என்றார் பெரில். "நான் வீட்டுக்குப் போறேன்."

பாதி இடுப்பு தட்டில் இருக்கும்போது வீட்டுக்குப் போவது அவ்வளவு சுலபம் இல்லை. ஆனால் அவர் தோளைத் தூக்கித் திமிற ஆரம்பித்தார். இதயத் துடிப்புக் காட்டும் இயந்திரம் கிறீச்சிட்டது.

"பெரில், எல்லாம் நல்லா போகுது. படுங்க வாத்தே" என்றார் மெக்கல்லம்.

"பொய் சொல்லாத! அவன் வெறும் நம்பர் சொல்றான்ல? ஹால் மூடுன அன்னைக்கு மட்டும்தான் அவன் வெறும் நம்பர் சொன்னான். பேரு எதுவும் சொல்லல. கதை முடிஞ்சுதுன்னு அப்பவே எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இப்பவும் அதே குரல். நான் சாகப் போறேன்ல? வாயைத் தொறந்து சொல்லுங்கடா!"

"ஆட்டத்தை நிறுத்துங்க!" என்றார் மிஸ்டர் டிரெகார்தன். "இப்படி ஆடினா மூட்டு நழுவிடும்."

"முழு மயக்கம் கொடுத்தா நுரையீரல் தாங்காது. வேற ஏதாவது பண்ணுங்க, சீக்கிரம்" என்றார் மெக்கல்லம்.

மூட்டு உட்கார்ந்துவிட்டதால், மூடும் முன் எண்ண வேண்டிய நேரம் அது. டெஸ் என்னைப் பார்த்தார். பிறகு சுவரோரம் பார்த்தார். மூன்று வருடப் படிப்பும் காலையில் எழுந்து வருவதற்கு இருந்த இடமும் அங்கே பேனாவோடு நின்றுகொண்டிருந்தன. முகமூடிக்கு மேல் அவர் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவர் முடிவு பண்ணிவிட்டார் என்று எனக்குப் புரிந்தபோது, நானும் ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கடவுளே என்று நினைத்துக்கொண்டேன். டெஸ் முதல் துணியை உயர்த்திப் பிடித்தார்.

"கெல்லியோட கண்ணு, ஒண்ணு!" என்றார், மைக்கே தேவைப்படாத அந்தப் பழைய குரலில். நானும் சொன்னேன்.

திரைக்குப் பின்னால் திமிறல் நின்றது.

"ஒத்தைக் குட்டி வாத்து, ரெண்டு!"

"...க்வாக்" என்றார் பெரில், சின்னக் குரலில்.

"கேக்கலையே பெரில்! முன் வரிசைக்கு என்ன ஆச்சு? எல்லாரும் செத்துட்டீங்களா?"

"க்வாக்டா! க்வாக்!"

"ஒரு கப்பு டீ, மூணு! கதவைத் தட்டுறாங்க, நாலு!"

"யாரது?" என்றோம் அத்தனை பேரும். அந்தக் கூட்டத்தில் ஏழரையின் குரலும் இருந்தது.

"ஆளு உயிரோட இருக்கு, அஞ்சு!"

"ஆளா? இங்க படுத்திருக்கறது பொம்பளைடா!" என்று பெரில் சிரித்தார். இயந்திரத்தின் கிறீச்சு இறங்கி வந்தது. மெக்கல்லம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சர்ஜன் தைக்க ஆரம்பித்தார். அடுத்த கட்டு, அதற்கடுத்த கட்டு, நாங்கள் எண்ணிக்கொண்டே போனோம். மூன்றாவது கட்டில் இரண்டு வந்தபோது சுவர்ப் பக்கமிருந்தும் ஒரு 'க்வாக்' கேட்டது. அங்கே நின்றவர் ஒருவர்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"துணி, ஊசி, கருவி எல்லாம் சரியா இருக்கு சார்" என்றார் டெஸ். சர்ஜன் அதைக் கேட்டுக்கொண்டதாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது விதி. மிஸ்டர் டிரெகார்தன் நிமிர்ந்தார். "ஹவுஸ்" என்றார்.

டீ அறையில் கோப்பைகளோடு உட்கார்ந்தோம். டாக்டர் ஆர்மரோட் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மிஸ்டர் ஹாலம், விதிப்படி பார்த்தா இது..."

"அந்த வார்த்தையைச் சொன்னது யாருன்னுதான் எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார் மிஸ்டர் டிரெகார்தன், டீயைக் கலக்கிக்கொண்டே. "யாரோ சொன்னாங்க. அதுவரைக்கும் அந்தம்மா நல்லாத்தான் இருந்தாங்க."

"ஆமா, யாரோ சொன்னாங்க" என்றார் மெக்கல்லம்.

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தேன். கோபக்காரியாக இருந்தாலும் எப்போது வாயை மூடுவது என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஆர்மரோட்டின் காது இரண்டும் சிவந்துபோயின.

"பாஸ்" என்றார் கடைசியில். "ஆனா ஒரு நிபந்தனை. இனிமே எண்ணும்போது வெறும் எண்தான். நோயாளியே கேட்டாலொழிய வேற எதுவும் கூடாது. வாக்குக் கொடுங்க."

டெஸ் வாக்குக் கொடுத்தார். பிறகு பிஸ்கட் தட்டின் மேல் குனிந்து அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, எனக்கும் ஏன் கண் கரிக்கிறது என்று எரிச்சல்பட்டேன்.

அவர் வாக்கைக் காப்பாற்றினார். பதிவு பெற்ற தியேட்டர் பிராக்டிஷனர் டெஸ்மண்ட் ஹாலம், பெயர் பொறித்த தொப்பியோடு, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தார். எங்கள் தியேட்டர் எப்படி இருந்தது என்று அந்த வார்த்தையைச் சொல்லாமல் சொல்வது கஷ்டம். எனக்குத் தொண்டை கட்டுவது நின்றது. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

போன வருடம் எனக்குப் பித்தப்பையில் கல். எங்கள் தியேட்டரிலேயே ஆபரேஷன். ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே தள்ளிக்கொண்டு போனவள்தான் நான். ஆனால் படுத்துக்கொண்டு அந்தக் கூரையைப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. மயக்க அறையில் டாக்டர் மெக்கல்லமும், துணைக்கு டெஸ்ஸும். டெஸ் என் கையில் கட்டிய பட்டையைப் பார்த்துப் பிறந்த தேதியைப் படித்தார். "பதினொண்ணு." இரண்டு கால்கள் இல்லை. விசில் இல்லை.

முகத்தில் மூச்சுக் கவசத்தை வைத்தார். "என்கூட எண்ணு வால்" என்றார். மெக்கல்லம் ஊசியை எடுத்தார்.

"ஒண்ணு" என்றார் டெஸ். அதே கனமான குரல்.

எனக்கு உயிரே போய்விட்டது. செத்தோம் என்றே நினைத்தேன். பெரில் சொன்னது அத்தனையும் உண்மை என்று அந்த ஒற்றை எண்ணில் தெரிந்தது.

"ரெண்டு" என்றார். சொல்லிவிட்டு நிறுத்தினார். முகமூடிக்கு மேல் அவர் கண்கள் என்னையே பார்த்துக் காத்திருந்தன. படுபாவி, வேண்டுமென்றேதான் நிறுத்தினார். மூன்று வருடம் அவரைத் திட்டியவள் நான்; அதுவும் மெக்கல்லத்தின் முன்னால்.

"க்வாக்" என்றேன், கவசத்துக்குள்.

"கேக்கலையே வாத்தே. நோயாளி வாய்விட்டுக் கேக்கணும்ல?"

"யோவ், க்வாக்குய்யா! க்வாக்!"

அவர் கண்கள் இரண்டும் சிரித்தன. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒத்தைக் குட்டி வாத்து, ரெண்டு! ஒரு கப்பு டீ, மூணு!" மெக்கல்லம் ஊசியை அழுத்தினார். கை வழியாகக் குளிர்ச்சி ஏறியது. "கதவைத் தட்டுறாங்க, நாலு!"

யாரது என்று கேட்க நினைத்தேன். நாக்கு புரளவில்லை.

அடுத்து எனக்குத் தெரிந்தது தொண்டை வறட்சியும், வயிற்றில் வலியும், வெள்ளை விளக்கும்தான். நான் எங்கே இருக்கிறேன், யார் பெற்ற பிள்ளை என்று எதுவும் நினைவில் இல்லை. என் கையை யாரோ இன்னும் விடாமல் பிடித்திருந்தார்கள். ஒரு பெரிய முகம் என் மேல் குனிந்தது.

"ஆளு உயிரோட இருக்கு வால்" என்றார் டெஸ். "அஞ்சு."